மெய்யும் புனைவும் கலந்த படங்கள்



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் திரைப்படத்துக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். நூல்களைப் படிக்கக் கற்றோம். நம்மைப் பற்றிப் பிறர் எடுக்கும் படங்களைப் படிக்க இனித்தான் கற்கவேண்டும். அவற்றுள்ளும் மெய் எது, கதை எது என்று பிரித்தறிய இயலாதபடி இரண்டும் கலந்த படங்களைக் கூடுதல் விழிப்போடு படிக்கவேண்டியிருக்கிறது.

ஆவணப்படங்களின் முன்னோடி என்று உலகம் போற்றும் படம் 1922-இல் வெளிவந்த 'நானூக் ஆஃப் த நார்த்'. ஹட்சன் விரிகுடாக் கரையில் வாழும் இனுயிட் மக்களைப் பற்றி ராபர்ட் ஃபிளாஹர்ட்டி எடுத்தது. விலங்குத் தோல் வணிகம் செய்த பிரெஞ்சு நிறுவனம் ஒன்று அதற்குப் பொருளுதவி செய்தது. படத்தில் நானூக் எனப்படுபவரின் இயற்பெயர் அல்லகாரியல்லாக். அவருடைய குடும்பமாகக் காட்டப்படுவது படத்துக்கென்று சேர்க்கப்பட்ட குடும்பம். பனிவீட்டினுள் ஒளி போதவில்லை. படக்கருவிக்கு இடமும் இல்லை. ஆகவே ஒரு பக்கம் திறந்த பனிவீடு கட்டி, அந்தக் குளிரில் அவர்கள் உறங்கி எழுவதுபோல் எடுத்தார்கள். அம்மக்கள் அப்போதே துப்பாக்கியால் வேட்டையாடி வந்தனர். படத்திலோ பாட்டன் காலத்து ஈட்டிதான்.

இவ்வளவையும் கலையின் தேவை என்று விட்டுவிடலாம். விடமுடியாத காட்சி ஒன்று உண்டு. வணிகர் இசைத்தட்டைக் காட்டுகிறார். நானூக் அதை வாங்கிப் பல்லால் கடித்துப் பார்க்கிறார். அரங்கில் சிரிப்பு எழுந்திருக்கும். அந்தப் படச்சுருளைக் கழுவ நீர் சுமந்தவர்களும், படக்கருவியோடு துணை நின்றவர்களும் அதே இனுயிட் மக்களே! படக்கருவியைக் கையாண்டவர்களை இசைத்தட்டு அறியாதவர்களாகக் காட்டியது அந்தப் படம்.

இது நமக்குத் தொலைவான செய்தி அன்று. நம் குடியிருப்புக்குள் வந்து, சுவரில் இருந்த அண்ணல் அம்பேத்கர் படத்தையும் பெண்பிள்ளையின் பாடநூல்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒழுகும் கூரையை மட்டும் படமெடுத்துச் சென்றவர்களை நாம் கண்டிருக்கிறோம். கூரை ஒழுகியது உண்மைதான். பாடநூல்களும் உண்மைதானே!

இனி, வேறு வழியில் சென்ற ஒரு படம். 1958-இல் ழான் ரூஷ் என்ற பிரெஞ்சுக்காரர் 'முவா, அன் நுவார்' எடுத்தார். 'நான், ஒரு கறுப்பன்' என்று பொருள். நைஜர் நாட்டிலிருந்து அபிஜான் நகருக்குக் கூலிவேலை தேடி வந்த இளைஞர்களின் கதை. கதை என்றும் சொல்லலாம், அவர்கள் வாழ்க்கை என்றும் சொல்லலாம். ஹாலிவுட் நடிகர் எட்வர்ட் ஜி. ராபின்சனின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டு, குத்துச்சண்டை வீரராகும் கனவோடு அதில் வருபவர் உமாரு காண்டா. படம் ஒலியின்றி எடுக்கப்பட்டது. பின்னர் அந்த இளைஞர்களே காட்சிகளைப் பார்த்துத் தம் வாய்ப்படப் பேசி ஒலி சேர்த்தனர். பிரெஞ்சுப் படையில் இந்தோசீனப் போருக்குப் போய்வந்தவர் காண்டா. அந்தத் துயரமும் அவர் பேச்சிலேயே வருகிறது. ஆயினும் படம் ரூஷின் படம்தான். காண்டாவுக்கு அது போதவில்லை. 1960-களின் இறுதியில் 'கபாஸ்காபோ' என்னும் படத்தைத் தாமே இயக்கி, போரிலிருந்து திரும்பும் அந்த வீரனாகத் தாமே நடித்தார். படம்பிடிக்கப்பட்டவரின் கைக்கே படக்கருவி வந்துசேர்ந்த இந்நிகழ்ச்சியை நம் மாணவர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

இறுதியாக நமக்கு நெருங்கிய ஒன்று: சைதன்ய தம்ஹாணே இயக்கி 2014-இல் வந்த 'கோர்ட்'. சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. மும்பையில் முதிய தலித் பாடகர் ஒருவர் கைது செய்யப்படுகிறார். அவர் பாட்டைக் கேட்டதால்தான் பாதாளச் சாக்கடைத் தொழிலாளி ஒருவர் சாக்கடைக்குள் இறங்கித் தற்கொலை செய்துகொண்டார் என்பது குற்றச்சாட்டு! வழக்கு கற்பனை. பாடகராக நடித்த வீரா சாதிதாரோ நாகபுரியைச் சேர்ந்த அம்பேத்கரியச் செயற்பாட்டாளர். 'வித்ரோஹி' இதழின் ஆசிரியராக இருந்தவர். 2021-இல் கொரோனாவுக்குப் பலியானார். இறந்த தொழிலாளியின் மனைவியாக வருபவரும் நடிகையல்லர். அத்தகைய தொழிலாளி ஒருவரின் கைம்பெண்ணே அவர்.

சாட்சிக் கூண்டில் அவர் நிற்கும் காட்சியில் இசை இல்லை, அழுகை இல்லை. கணவருக்குப் பாதுகாப்புக் கருவி எதுவும் தரப்படவில்லை. நாற்றம் தாங்கக் குடித்துவிட்டு இறங்குவார். நச்சுக்காற்றால் ஒரு கண் போயிற்று. கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறார். கணவரின் வயது அவருக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் புனைவு செய்த பணியைப் பாருங்கள். மனிதக் கழிவகற்றும் வேலைக்கு ஆளமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்தது; அதன் பின்னும் சாவுகள் நிற்கவில்லை. இவற்றில் எத்தனை சாவுகள் நீதிமன்றக் கூண்டுவரை வருகின்றன? கூண்டைக் கதை கட்டிக் கொடுத்தது. அதில் ஏறிச் சொல்லவேண்டிய சொல்லை அந்த அம்மையார் கொண்டுவந்தார். நானூக்கின் பனிவீட்டைத் திறந்ததும் புனைவுதான், இந்தக் கூண்டைக் கட்டியதும் புனைவுதான். ஒன்று படமெடுப்பவரின் வசதிக்கு. மற்றொன்று பேசுபவரின் தேவைக்கு.

சாட்சியம் முடிந்தபின் வழக்கறிஞர் தம் வண்டியில் அவரை வீட்டில் கொண்டுபோய் விடுகிறார். பணமும் கொடுக்க முன்வருகிறார். அவர் வாங்கவில்லை. தமக்கு வேலை ஏதாவது கிடைக்குமா என்று கேட்கிறார்.