நரம்பு வலிக் குளிசையும் ஊருக்கு வரும் பொதியும்



மருத்துவத் துறையில் உள்ள பழைய மாணவிகள் சார்பில் நாங்கள் பேச எடுத்துக்கொண்டது நரம்பு வலிக் குளிசைகளைப் பற்றி. நூற்றாண்டு விழாவில் இது என்ன கதை என்று சிலர் யோசிக்கலாம். சலரோகத்தால் இரவு முழுவதும் பாதம் எரிந்து நித்திரையில்லாதவர்களும், அக்கி மாறி மாதக்கணக்காகியும் முதுகில் சேலை பட்டாலே துடிப்பவர்களும் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள்.

இந்த வலி பனடோலுக்கு அடங்காது. பழுதடைந்த நரம்பு, காயம் எதுவுமில்லாமலே வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதைத் தணிக்கத்தான் கபாபென்டின், பிரீகபலின் என்பவற்றை எழுதுகிறார்கள். இவை வலிப்பு நோய்க்கும் கொடுக்கப்படுபவை. ஆகவே மருந்துத் துண்டைப் பார்த்து, "எனக்கு வலிப்பா?" என்று பயப்பட வேண்டாம்.

நல்ல மருந்துகள்தாம், ஆனால் எல்லோருக்கும் கேட்பதில்லை. கேட்கிறதா என்று அறியச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும். அளவையும் வைத்தியர் கொஞ்சங் கொஞ்சமாகவே கூட்டுவார். தொடக்கத்தில் தலைச்சுற்றும் தூக்கமும் தள்ளாட்டமும் வரக்கூடும். எங்களுக்குக் கூடிய கவலை இதிலேதான்: இரவில் சலம் கழிக்க எழும்பும் எழுபது வயது அம்மா இருட்டில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது. புதிதாகத் தொடங்கும்போதும் அளவு கூட்டும்போதும் இரவில் ஒரு விளக்கு எரியட்டும். ஸ்கூட்டி ஓட்டமும் வேண்டாம். கால் வீக்கம், நிறை கூடுதல், கண் மங்கல், மனம் சோர்ந்து வாழ்வே வெறுத்தல், எதுவானாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இவ்விரண்டு மருந்தும் உடலை விட்டு வெளியேறுவது சிறுநீரகத்தின் வழியாக. சிறுநீரகம் பலவீனமானால் மருந்து உடலில் தேங்கும். வழமையான அளவே மிகை அளவாகிவிடும். சலரோகம் நரம்பைத் தாக்குவதுபோலச் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. அதாவது, இந்தக் குளிசை அதிகம் தேவைப்படுகிறவருக்கே அளவும் குறைக்க வேண்டியிருக்கும். உங்கள் கிரியற்றினின் அறிக்கையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இனி, பொதி. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் எங்கள் தோழியர் அன்பினால் அம்மாவுக்குக் குளிசை அனுப்புவார்கள். பெட்டியில் லிரிகா என்றிருக்கும். ஊர்க் கிளினிக்கில் கொடுத்த பிரீகபலினோ வேறு பெயரில் இருக்கும். இரண்டும் ஒரே மருந்து. அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? இரண்டையும் போடுவார். பெரிய எழுத்திலுள்ள வியாபாரப் பெயரை விட்டு, சிறிய எழுத்திலுள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். பொதி முடிந்ததும் மருந்து திடீரென நிற்பது அடுத்த ஆபத்து. வியர்வை, பதற்றம், குமட்டல், நித்திரையின்மை, சிலருக்கு வலிப்பும் வரும். நிறுத்துவதானால் வைத்தியர் சொற்படி, ஒரு வாரத்துக்குக் குறையாமல், படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

பிரித்தானியாவில் 2019 ஏப்ரல் முதல் இவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். ஒருவருக்கு எழுதிய குளிசையை இன்னொருவருக்குக் கொடுப்பது அங்கே குற்றம். பழக்கமாகிவிடக்கூடியவை என்பது ஒரு காரணம். மோர்பின், டிரமடோல் போன்ற வலி மருந்துகளோடும் நித்திரைக் குளிசையோடும் மதுவோடும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும் என்பது இன்னொன்று. முதியவர்களும் நுரையீரல் நோயுள்ளவர்களும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். எழுப்பியும் எழும்பாமல் மூச்சு மெதுவானால், விடியும்வரை காத்திராமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

சிறிய விடயம் ஒன்று: அலுமினியம், மக்னீசியம் கலந்த காஸ்ரிக் மருந்து குடித்தால், கபாபென்டினை இரண்டு மணித்தியாலம் கழித்தே போடுங்கள்.

தேநீர் இடைவேளையில் நாங்கள் மேடைக்கு வலப்பக்க மேசையில் இருப்போம். கைப்பையிலுள்ள குளிசை அட்டைகளை எடுத்து வாருங்கள். பெயர்களை ஒன்றாக இருந்து வாசிப்போம். மூக்குக்கண்ணாடியை மறவாதீர்கள்.