கண்ணும் துருப்பிடிக்குமா?

(மருத்துவமனை ஆதரவாளர்களின் வருடாந்தரக் கூடுகையில் கண் சிகிச்சைப் பிரிவு டாக்டர் பேசியதன் எழுத்து வடிவம்)



 மழையையும் பாராமல், தூரத்துச் சபைகளிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறீர்கள். உங்களைப் பார்ப்பதே எங்களுக்கு உற்சாகம்.

இந்த வருடம் என்ன பேசுவது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு மாதத்திற்கு முன் ஒரு கிராமச் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வீடு வீடாகக் கைப்பிடி அரிசி சேர்த்து, அதை விற்று வந்த பணத்தை அனுப்புவதாக எழுதியிருந்தார்கள். "மருத்துவமனைக்கு வருகிற வயதானவர்களுக்கு ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை வாங்கிக் கொடுங்கள். அதைச் சாப்பிட்டால் முதுமையிலும் கண் மங்காது, இரத்தக்குழாய் அடைக்காது என்று விளம்பரத்தில் பார்த்தோம்" என்பது அவர்கள் வேண்டுகோள்.

அந்தப் பணத்தை நான் இன்னும் செலவு செய்யவில்லை. ஏன் என்பதை எல்லாருக்கும் முன்பாகச் சொல்லிவிடுகிறேன் என்று பதில் எழுதினேன். இன்று அதைத்தான் சொல்லப்போகிறேன்.

வாழைக்காயும் மோரும்

அம்மாமார்களுக்கு இது தெரிந்த காரியம். வாழைக்காயை நறுக்கி அப்படியே வைத்தால் சற்று நேரத்தில் கறுத்துப்போகிறது. காற்றிலிருக்கும் ஆக்ஸிஜன் அதன் சாற்றோடு சேருவதுதான் காரணம். ஆகவே நறுக்கின உடனே மோர் கலந்த தண்ணீரில் போடுகிறோம். இரும்பு ஆணி துருப்பிடிப்பதும், பழைய எண்ணெயில் சிக்கு வாடை வருவதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

நம் சரீரத்துக்குள்ளும் இது நடக்கிறது. நாம் சுவாசிக்கிற ஆக்ஸிஜனைக் கொண்டுதான் ஒவ்வொரு செல்லும் உணவை எரித்துச் சக்தி உண்டாக்குகிறது. அடுப்பு எரிந்தால் தீப்பொறி தெறிப்பதுபோல, அந்த வேலையில் சில பொறிகள் தெறிக்கின்றன. இவற்றை ஃப்ரீ ராடிக்கல் என்கிறோம். பக்கத்திலிருக்கும் கொழுப்பையும் புரதத்தையும் இவை தாக்கிக் கெடுக்கும். முதுமைக்கே இதுதான் காரணமாயிருக்கலாம் என்று 1956ல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி எழுதினார். முதுமை முழுவதையும் இந்த ஒரே காரணத்தால் விளக்க முடியாது என்று இன்று தெரியும். ஆனால் கண்ணிலும் இரத்தக்குழாயிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

பொறியை அணைக்கிற ஏற்பாடும் சரீரத்திலேயே இருக்கிறது. 1969ல் மெக்கார்டு, ஃப்ரிடோவிச் என்ற இருவர் அப்படிப்பட்ட ஒரு நொதியைக் கண்டுபிடித்தார்கள். உணவிலிருந்து வரும் வைட்டமின் சி, வைட்டமின் ஈ போன்றவையும் இதற்குத் துணை. இளவயதில் பொறியும் அணைப்பும் சமமாயிருக்கின்றன. வயது ஏற ஏற அணைக்கும் பலம் குறைகிறது. பீடி, சிகரெட், சர்க்கரை வியாதி, உயர் இரத்த அழுத்தம் இவை சேர்ந்தாலோ பொறி அதிகமாகிறது. இந்தச் சமநிலை கெடுவதைத்தான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்று டாக்டர்கள் சொல்லுகிறோம்.

கண்ணில் நடப்பது

முதலாவது, கண் லென்ஸ். நம் தோல் உரிகிறது, புதிதாக வளர்கிறது. இரத்த அணுக்கள் சில மாதங்களில் மாறிவிடுகின்றன. ஆனால் லென்ஸின் நடுப்பகுதியிலிருக்கும் புரதம் நாம் தாயின் வயிற்றிலிருந்தபோது உண்டானது. எண்பது வயதானாலும் அதே புரதம்தான். எண்பது வருட வெயிலையும் பொறிகளையும் அது சகிக்க வேண்டியிருக்கிறது. லென்ஸுக்குள் குளூட்டாதயோன் என்ற பாதுகாப்புப் பொருள் நிறைய உண்டு. லென்ஸைச் சுற்றிலுமுள்ள நீரில் வைட்டமின் சி இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் வயதாகும்போது குளூட்டாதயோன் லென்ஸின் நடுப்பகுதியை எட்டுவது குறைகிறது. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் வெளுப்பதுபோல, தெளிவாயிருந்த புரதம் திரண்டு மங்கிப்போகிறது. இதுவே கண்புரை.

ஆக்ஸிஜனுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு சாட்சி. ஸ்வீடனில் ஆறாத புண்களுக்காக மாதக்கணக்கில் அழுத்தமேற்றிய அறையில் ஆக்ஸிஜன் கொடுக்கப்பட்ட நோயாளிகளை அங்குள்ள கண் டாக்டர்கள் கவனித்து 1984ல் எழுதினார்கள். தெளிவான லென்ஸோடு சிகிச்சையை ஆரம்பித்தவர்களிலேயே பலருக்குப் புரை உண்டாகியிருந்தது. உயிர் காக்கும் அதே ஆக்ஸிஜன், அளவு மிஞ்சினால் லென்ஸைக் கெடுக்கிறது.

இரண்டாவது, விழித்திரை. எடைக்கு எடை பார்த்தால், சரீரத்தில் மிக அதிகமாக ஆக்ஸிஜனைச் செலவிடும் இடங்களில் இதுவும் ஒன்று. எளிதில் சிக்கு பிடிக்கும் கொழுப்பு இங்கே நிறைந்திருக்கிறது. பகல் முழுவதும் வெளிச்சமும் விழுகிறது. பொறி பறக்க இதைவிட வசதியான இடம் ஏது? பார்வைச் செல்கள் தங்கள் நுனியைத் தினமும் கொஞ்சம் உதிர்க்கின்றன. அடியிலுள்ள ஒரு படலம் அதைச் செரித்துவிடுகிறது. வயதாகும்போது செரிக்காத கசடு அங்கே தேங்குகிறது. விழித்திரையின் நடுவிலுள்ள மாக்குலாவில் இது முற்றினால், எழுத்தும் முகமும் நடுவில் மறைந்துபோகும். பீடி, சிகரெட் குடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

இரத்தக்குழாயில் நடப்பது

இரத்தக்குழாயை வெறும் ரப்பர் குழாய் என்று நினைக்க வேண்டாம். அதன் உட்புறத்தில் ஒரே அடுக்குச் செல்களாலான மெல்லிய படலம் இருக்கிறது. அது நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்தி, இரத்தம் தடையின்றி ஓடச் செய்கிறது. இதைக் கண்டறிந்தவர்களுக்கு 1998ல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் பேசின பொறிகள் இந்த வாயுவை அழித்துவிடுகின்றன. அப்போது குழாய் இறுகுகிறது. கெட்ட கொலஸ்டிரால் குழாயின் சுவருக்குள் புகுந்து சிக்கு பிடிக்கிறது. அதை விழுங்க வந்த வெள்ளை அணுக்கள் கொழுத்து அங்கேயே தங்கிவிடுகின்றன. இப்படித்தான் அடைப்பு ஆரம்பிக்கிறது. இது இருதயத்தில் நடந்தால் மாரடைப்பு, மூளையில் நடந்தால் பக்கவாதம்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சின்னஞ்சிறு குழாய்களில் சேதம் அதிகம். செல்லுக்குள் தேவைக்கு மேல் சர்க்கரை புகும்போது பொறிகள் பெருகுகின்றன. குழாய்கள் பலமிழந்து கசிகின்றன, பிறகு அடைபடுகின்றன. விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் பாதத்திலும் முதலில் பாதிப்பு தெரிவது இதனால்தான்.

இங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். சரீரத்தைக் கீறாமல் இரத்தக்குழாயை நேராகக் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது விழித்திரை. ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850ல் செய்த சிறு கருவியால் இது கைகூடியது. 1939ல் கீத், வேஜனர், பார்க்கர் என்ற அமெரிக்க டாக்டர்கள், உயர் இரத்த அழுத்தக்காரர்களின் விழித்திரையை நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். நல்ல மருந்து இல்லாத அந்தக் காலத்தில், நான்காம் நிலையிலிருந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு வருடத்துக்குள் இறந்துபோனார்கள். கண்ணுக்குள் தெரிவது கண்ணின் சேதி மாத்திரமல்ல, முழுச் சரீரத்தின் சேதி.

அப்படியானால் மாத்திரை?

பொறியால் கேடு வருகிறது, பொறியை அணைக்கும் மாத்திரை இருக்கிறது, ஆகவே மாத்திரை சாப்பிட்டால் போதும் என்று தோன்றும். உலகமெங்கும் டாக்டர்களும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால் சோதித்துப் பார்த்தபோது வேறு விதமாயிருந்தது.

பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. 1994ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடிற்று! பிரிட்டனில் 20,536 பேருக்கு வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் கொடுத்தார்கள். மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை என்று 2002ல் அறிவித்தார்கள். நம் தென்னிந்தியக் கிராமங்களிலேயே 798 பேரைக் கொண்டு 5 வருடம் நடந்த சோதனையின் முடிவு 2006ல் வெளியானது. இந்த வைட்டமின்கள் புரை வளர்வதைத் தடுக்கவில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். மாக்குலா கேடு நடுத்தர நிலையை எட்டியவர்களுக்கு, அல்லது ஒரு கண்ணில் முற்றிவிட்டவர்களுக்கு, வைட்டமின்களும் துத்தநாகமும் சேர்ந்த ஒரு மாத்திரை அது மேலும் முற்றும் ஆபத்தை 25 சதவீதம் குறைக்கிறது என்று அமெரிக்காவில் 2001ல் கண்டார்கள். 2013 முதல் அதிலிருந்து பீட்டா கரோட்டினை நீக்கி, கீரையிலுள்ள லூட்டீனைச் சேர்க்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அதை நாங்களே எழுதிக் கொடுக்கிறோம். எல்லா முதியவர்களுக்கும் அது பொருந்தாது.

வாழைக்காயை நினைத்துக்கொள்ளுங்கள். நறுக்கின உடனே மோரில் போட்டால் பிரயோஜனம். கறுத்த பிறகு குடம் மோர் ஊற்றினாலும் வெளுக்காது.

போன வருடம் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயாவை அவர் மகன் கையைப் பிடித்து அழைத்து வந்தார். 12 வருடமாக ஐயாவுக்குச் சர்க்கரை வியாதி. வலது கண்ணுக்குள் இரத்தம் கசிந்து, பின்னால் விழித்திரை சுருங்கி விலகியிருந்தது. அந்தக் கண்ணை எங்களால் மீட்க முடியவில்லை. "கண்ணுக்குள்ளே எப்போதாவது சோதித்துப் பார்த்தீர்களா ஐயா?" என்று கேட்டேன். அவர் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார். விலையுயர்ந்த ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை. "இரண்டு வருடமாக ஒரு நாள் தவறாமல் சாப்பிடுகிறேன் டாக்டர். கண்ணுக்கு நல்லது என்றார்கள். செலவு அதிகமானதால் சர்க்கரை மாத்திரையைத்தான் ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டேன்" என்றார்.

என்னால் உடனே பதில் பேச முடியவில்லை. அவருடைய இடது கண்ணிலும் கசிவு ஆரம்பித்திருந்தது. லேசர் சிகிச்சை செய்தோம். அந்தக் கண்ணால் இன்று பேப்பர் வாசிக்கிறார். ஒரு வருடம் முன்னே வந்திருந்தால் வலது கண்ணும் இருந்திருக்கும்.

சகோதரிகளே, உங்கள் பணத்தை அந்த மாத்திரைக்குச் செலவிட எனக்கு மனம் வராததற்குக் காரணம் இதுதான்.

உண்மையான மோர் எது?

பீடி, சிகரெட், புகையிலையை விடுவது முதலாவது. இதற்கு ஈடான மருந்து கிடையாது.

இரண்டாவது, சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பது. இளவயதிலேயே இன்சுலின் தேவைப்பட்ட சர்க்கரை நோயாளிகள் 1,441 பேரை அமெரிக்காவிலும் கனடாவிலும் கவனித்து 1993ல் வெளியிட்டார்கள். சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரைக் கேடு புதிதாக வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. எந்த ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை இதைச் செய்யும்?

மூன்றாவது, தட்டில் இருக்கும் உணவு. நம் நாட்டில் 60 வயது கடந்தவர்களைச் சோதித்தபோது, இரத்தத்தில் வைட்டமின் சி அதிகமிருந்தவர்களுக்குப் புரை குறைவாயிருந்தது. இதற்கு மாத்திரை வேண்டியதில்லை. நெல்லிக்காய், கொய்யாப்பழம், முருங்கைக்கீரை, கிடைத்தால் மத்தி மீன் போதும். விறகடுப்புப் புகையும் கண்ணுக்கு ஆகாது; புகை வெளியே போக வழி செய்யுங்கள். வெயிலில் வேலை செய்கிறவர்கள் தலைக்குத் தொப்பியோ முண்டாசோ கட்டுங்கள்.

நான்காவது, புரை முற்றிவிட்டால் சொட்டு மருந்தைத் தேடி அலைய வேண்டாம். ஆபரேஷன் ஒன்றே வழி, அது நல்ல வழி.

ஐந்தாவது, சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாயிருந்தாலும் வருடம் ஒரு முறை விழித்திரையைக் காட்ட வேண்டும். சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்ப்போம். வலி கிடையாது. சில மணி நேரம் கண் கூசும், ஆகவே துணைக்கு ஒருவர் வர வேண்டும்.

அந்தத் துணைக்கு ஆள் இல்லாமலும், இரண்டு பேருக்குப் பஸ் கட்டணம் இல்லாமலும்தான் அநேக முதியவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். கைப்பிடி அரிசிப் பணத்திற்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை. அந்தச் சங்கத்தின் செயலாளர் அம்மா இன்று இங்கே வந்திருக்கிறார்கள். கூட்டத்திற்கு முன் இதை அவர்களிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்கள் ஊரில் சர்க்கரை உள்ளவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ண வேண்டும் டாக்டர். நாங்களே துணைக்கு வருகிறோம்" என்றார்கள்.

நீங்களும் ஊருக்குப் போனதும் எண்ணிப் பாருங்கள். உங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்தே எண்ண ஆரம்பியுங்கள்.