துப்பாக்கியை விடுங்கள், அரிவாளைத் தீட்டுங்கள்



போன வாரம் போடிமெட்டுச் சரிவில் ஒரு ஏலத்தோட்டத்துக்குப் போயிருந்தேன். ராத்திரி காட்டுப்பன்றி இறங்கி, புழுவுக்காக ஏலத்தூர்களைக் கிளறிப் போட்டிருந்தது. தோட்டக்காரர் வயிறெரிந்துபோய், "சார், உரம், மருந்தெல்லாம் அப்புறம் பேசுவோம். பன்றிக்கு எந்தத் துப்பாக்கி நல்லதுன்னு சொல்லுங்க" என்றார். பாடுபட்டு வளர்த்தது ஒரே ராத்திரியில் போனால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் மலைகளுக்குத் துப்பாக்கி புதிதல்ல. மூணாறுப் பக்கம் தேயிலைத் தோட்டத் துரைமார்கள் பொழுதுபோக்காக வேட்டையாடினார்கள். அப்படி அவர்கள் வேட்டையாடிய இரவிகுளம் 1978-ல் தேசியப் பூங்காவாகிவிட்டது. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தக் காலம் முடிந்தது.

"பயிரைக் காக்க லைசென்ஸ் தருவார்களே?" என்பீர்கள். உண்மைதான். குழல் வாய் வழியாக மருந்து இடித்துச் சுடும் துப்பாக்கிக்கு, பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் கேட்க 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் அந்த லைசென்ஸ் துப்பாக்கியை வைத்துக்கொள்ளத்தான். காட்டு விலங்கைக் கொல்ல அல்ல. 2025 ஜனவரியில் வந்த தமிழக அரசு ஆணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம். அதுவும் வனத்துறையினர்தான் சுட வேண்டும், நாம் அல்ல.

திருட்டுத்தனமாகச் செய்த நாட்டுத் துப்பாக்கி இன்னும் மோசம். எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி மருந்தை இடிக்கும்போதே குழல் வெடித்து, வலது கையில் மூன்று விரல்களை இழந்தார். பன்றி தப்பித்துக்கொண்டது. அவரோ இன்றைக்கு அரிவாள் பிடிக்க முடியாமல், தன் தோட்டத்து வேலைக்கே கூலி ஆள் தேடுகிறார். அவுட்டுக்காய் வைப்பதும், வேலியில் நேரடியாகக் கரண்ட் கொடுப்பதும் இதே கதைதான். கடைசியில் வாய் கிழிவது நம் வீட்டு மாட்டுக்கு. உயிர் போவது பக்கத்துத் தோட்டக்காரருக்கு.

அப்படியானால் என்ன செய்வது? பன்றி பகலில் அடர்ந்த புதரில் படுத்துக் கிடக்கும். ஆகவே, உங்கள் பட்டா நிலத்து ஓரங்களில் உள்ள உண்ணிப் புதரை வெட்டிச் சுத்தமாக வையுங்கள். சூரிய சக்தி வேலி போடலாம். 2023-ல் வந்த விதிகளின்படி முறையாகப் பதிந்து, அனுமதி பெற்றுப் போடுங்கள். சேதமானால் அன்றைக்கே போட்டோ எடுத்து, வனத்துறையிடம் நஷ்டஈட்டுக்கு எழுதிக் கொடுங்கள்.

புதர் வெட்ட நல்ல அரிவாள் வேண்டும் அல்லவா? மழுங்கிய அரிவாள்தான் காலை வெட்டும். அது வழுக்கும், நாமும் பலத்தைக் கூட்டி ஓங்குவோம். ஆகவே வேலைக்கு முன்னால் அரத்தால் நாலு இழுப்பு இழுத்துக்கொள்ளுங்கள். மெஷின் சாணையில் வைத்தால், அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள். சூடேறி விளிம்பு நீலமாகிவிட்டால் இரும்பின் உறுதி போய்விடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. கொல்லர் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பிடி ஆடுகிறதா, பூண் இறுக்கமாக இருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

சரிவில் இன்னும் கவனம் வேண்டும். உங்களுக்கு நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது. பக்கத்து ஆளுக்கும் உங்களுக்கும் பத்தடி இடைவெளி இருக்கட்டும். வெட்டு உங்கள் காலை நோக்கி வராமல், வெளிப்பக்கமாகப் போகட்டும். நடக்கும்போது அரிவாளை உறையில் போட்டுக்கொள்ளுங்கள். தப்பித்தவறி வெட்டுப்பட்டால், சின்னக் காயம்தானே என்று மஞ்சள் பூசி உட்காராதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டி, தடுப்பூசி வேண்டுமா என்று கேளுங்கள்.

இன்னொன்று. ஏலத்துக்கு வேர் மேலாகவே ஓடும். தூருக்குப் பக்கத்தில் மண்வெட்டியைப் போட்டால், பன்றி செய்த வேலையையே நாமும் செய்தவர்களாவோம். தூரடியில் களையைக் கையால் பிடுங்குங்கள். இடைவெளியில் மட்டும் அரிவாளால் அறுத்து விடுங்கள்.

அந்தத் தோட்டக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அரம் எங்க சார் நல்லதா கிடைக்கும்?" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. பன்றி மறுபடியும் வரலாம். அன்றைக்கும் உங்கள் பத்து விரலும் உங்களிடம் இருக்க வேண்டும்.