குடிபோதையில் வண்டி: கைதுக்குப் பின்

மணமேல்குடி வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் வண்டியை மறித்து ஊதச் சொன்னால், அதற்குப் பின்னால் நிற்பது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால், 185ஆம் பிரிவின்படி குற்றம். மொபெட்டுக்கும் லாரிக்கும் இதே அளவுதான்.

பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். ஆனால் 202ஆம் பிரிவு ஒரு கெடு வைக்கிறது, பலரும் அறியாதது: கைதான இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், இல்லையேல் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும். ஊத மறுத்துத் தப்பிக்கவும் முடியாது. தக்க காரணமில்லாத மறுப்பு, வழக்கில் அரசுத் தரப்புக்கே வலு சேர்க்கும்.

இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். கைதுக்கான காரணத்தையும் ஜாமீன் உரிமையையும் காவலர் சொல்ல வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். காவலில் வைத்தால் 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, நடுவர் முன் நிறுத்த வேண்டும். காவலில் இருப்பவர் வக்கீல் வைக்க வழியில்லையென்றால், வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம், மறுத்து வழக்கை நடத்தவும் செய்யலாம். மறுத்தால், சோதனைக் கருவியின் அச்சுச்சீட்டும் மருத்துவச் சான்றும்தான் முக்கியச் சாட்சியங்கள். முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை இரண்டு ஆண்டு வரை சிறை, 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன் முதல் முறைக்கான அபராதம் 2,000 ரூபாய் வரைதான்.