போராட்டப் பாட்டும் தொலைக்காட்சி நாடகமும்



மக்கள் உயிரைக் கொடுத்துப் பாடிய பாட்டை நாடகக் காட்சியொன்றுக்குச் சுவையூட்டப் பயன்படுத்தலாமா? இதுவே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

இத்தாலியின் 'பெல்லா சாவ்' என்னும் பாடலை எடுத்துக்கொள்வோம். 1943 முதல் 1945 வரை நாஜிப் படைகளையும் முசோலினியின் பாசிசத்தையும் எதிர்த்து நின்ற போராளிகளின் நினைவோடு கலந்துவிட்ட பாடல் அது. காதலியிடம் விடைபெற்றுச் சாவை நோக்கிச் செல்லும் வீரனின் குரல் அது.

2017இல் ஸ்பெயினில் ஒளிபரப்பாகி, பின்னர் 'மணி ஹெய்ஸ்ட்' என உலகறிந்த தொடர், அப்பாடலைக் கொள்ளையரின் வாயில் வைத்தது. கூட்டத்தின் தலைவனுக்கு அதைக் கற்பித்தவர், பாசிசத்தை எதிர்த்துப் போராடிய அவனுடைய பாட்டனார் என்று கதை காரணமும் கூறியது. ஆயினும் 2018இல் அது நடன இசையாக மாறிக் களியாட்டங்களில் ஒலித்தபோது, இறந்தவரை நினைத்தவர் எத்தனை பேர்?

ஆனால் பாட்டு அங்கே மடியவில்லை. 2020இன் இறுதியில், புதிய வேளாண் சட்டங்களை எதிர்த்து டில்லியின் எல்லையில் உழவர் திரண்டபோது, அதே மெட்டில் பஞ்சாபிச் சொற்கள் ஏறின. கடுங்குளிரிலும் கொடுவெயிலிலும் அசையாதிருந்த அவ்வுழவர் முன், 2021 நவம்பரில் மூன்று சட்டங்களும் மீளப்பெறப்பட்டன. வென்றது மெட்டன்று, மக்களின் உறுதியே.

ஆகவே, நாடகம் பாட்டைக் கையாளுவதை நாம் தடுக்க வேண்டியதில்லை. எவர், எதற்காகப் பாடினர் என்பதை மறைக்காதிருக்கும்படி கேட்போம். காட்சி பாட்டைப் பரப்பும். அதற்கு உயிர் கொடுப்போர், உரிமைக்காக எழுந்து நிற்கும் மக்களே!