கென்மூர் வீதியில் நின்ற வான்

(சங்கத்தின் பங்குனி மாத ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தந்த தலைப்பு "குடிவரவுச் சட்டமும் நாமும்". சட்டத்தைச் சொலிசிற்றர்மார் வந்து சொல்வதுதான் முறை. நான் ஒரு மொழிபெயர்ப்பாளன். பல வருடமாக எங்கட ஆக்களோடு விசாரணைக்கும், கையொப்பம் வைக்கிற இடத்துக்கும் போய் வந்தவன். ஆகவே சட்டப் புத்தகத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு, விடியற்காலையில் கதவு தட்டுப்படுகிறதே, அதைப் பற்றிக் கதைக்கிறேன். அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்கிறார், பொலிஸ் என்ன செய்கிறது என்பதுதான் என் விடயம்.

2021 மே 13. ஸ்கொட்லாந்தில், கிளாஸ்கோ நகரின் பொலொக்ஷீல்ட்ஸ் பகுதி. பாகிஸ்தானிய வழிவந்த சனம் நிறைய வாழ்கிற இடம். அன்று நோன்புப் பெருநாள். காலையில் குடிவரவு அதிகாரிகள் கென்மூர் வீதிக்கு வந்து, இந்த நாட்டில் பத்து வருடமளவில் வாழ்ந்த இரண்டு இந்தியர்களை வானில் ஏற்றினார்கள். வழக்கத்தில் ஐந்து, பத்து நிமிடத்தில் வான் போய்விடும். அன்று ஒருவர் வானுக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டார். சில்லு உருண்டால் ஆள் சரி. வான் அசையவில்லை. ரெலிபோனில் செய்தி பரவ, ஒவ்வொருவராகச் சனம் வந்து வீதியிலே குந்தத் தொடங்கியது. பிறகு நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். தண்ணீர் வந்தது, சாப்பாடு வந்தது. "இவர்கள் எங்கட அயலவர், விடுங்கோ" என்பதுதான் கோஷம். ஏறக்குறைய எட்டு மணித்தியாலம் இப்படியே போனது. பின்னேரம் வான் கதவைத் திறந்து இருவரையும் விட்டார்கள்.

இதிலே கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. விடுகிற முடிவை அன்று எடுத்தது ஸ்கொட்லாந்துப் பொலிஸ், ஹோம் ஒபிஸ் அல்ல. குடிவரவு லண்டன் அரசின் கையில், பொலிஸ் ஸ்கொட்லாந்து அரசின் கையில். வானில் வந்த அதிகாரி பின்னேரம் தன்பாட்டில் வீட்டுக்குப் போய்விடுவார். பொலிஸ்காரர் அப்படியில்லை. நாளைக்கு அதே வீதியில் களவு போனாலும், பிள்ளை காணாமல் போனாலும் அவர்தான் அதே கதவைத் தட்டி, "ஏதும் கண்டனீங்களோ?" என்று கேட்க வேண்டும். அடித்துக் கலைத்திருந்தால் யார் பதில் சொல்லுவினம்? மக்களின் பாதுகாப்பு, சுகாதாரம் (அது கொரோனாக் காலம்) என்றுதான் பொலிஸார் காரணம் சொன்னார்கள். அதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

கிளாஸ்கோவில் இது ஒரு நாளில் முளைத்ததும் அல்ல. 1999இல் வந்த சட்டத்தின்படி 2000 முதல் தஞ்சம் கேட்டவர்களை லண்டனுக்கு வெளியே அனுப்பினார்கள். கிளாஸ்கோவின் மாடிக் கட்டிடங்களில் பல நாட்டுக் குடும்பங்கள் வந்து இறங்கின. அந்தக் கட்டிடங்களில் ஏற்கனவே இருந்ததோ ஏழை வெள்ளைக்காரச் சனம். ஆரம்பத்தில் முகம் சுளித்தவர்களும் உண்டு. பிறகு பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடம். 2005இல் டிரம்சப்பல் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த பிள்ளையொன்றை விடியற்காலையில் குடும்பத்தோடு பிடித்துக்கொண்டு போனபோது, ஏழு மாணவிகள் கிளம்பினார்கள். பாராளுமன்றம் வரை போனார்கள். கிங்ஸ்வே மாடிகளிலே, வயதான ஸ்கொட்டிஷ் பெண்கள் விடியமுன் எழும்பி ஜன்னலோரம் காவல் நின்றார்கள். கீழே வான் வந்தால் உடனே மேலே அறிவிப்பு. அந்தக் குடும்பம் வேறொரு வீட்டுக்குள் போய்விடும். எங்கட ஊரில் சுற்றிவளைப்பு என்றால் நாய் குரைக்கிற சத்தத்திலேயே எங்கட அம்மாமாருக்கு விளங்கியது ஞாபகம் வருகிறதா?

லண்டனிலும் நடந்தது. 2022 ஜூனில் பெக்கம் பகுதியில் சனம் வானை மறித்து, உள்ளே இருந்தவர் வெளியில் வந்தார். ஆனால் 2024 மே மாதம் அதே பெக்கமில், அகதிகளை மிதவைக் கப்பலுக்குக் கொண்டுபோக வந்த பஸ்ஸை மறித்தபோது பொலிஸார் 45 பேரைக் கைது செய்தார்கள். மறிப்பது விளையாட்டல்ல. கேஸ் முடியாத ஆக்கள் தயவுசெய்து வானுக்குக் கீழே படுக்க வேண்டாம். கைதென்று ஒரு பதிவு விழுந்தால் உங்கட கேஸுக்கே உலை. அந்த வேலை சிவப்போ நீலமோ பிரித்தானியப் பாஸ்போட் வைத்திருக்கிறவர்களுடையது. அந்தப் பாஸ்போட் எடுத்த எங்கட ஆக்கள் எத்தனை பேர் கூட்டத்தில் நிற்பினம் என்று நான் கேட்கவில்லை. "உவங்கள் புதுசா வந்த ஆக்கள்" என்று திரைச்சீலையை இழுத்துவிடுகிறவர்களை எனக்கும் தெரியும்.

கப்பல் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்றப்பட்ட எங்கட பெடியள் உடுப்பைக் கழற்றிப்போட்டு உள்ளுடுப்போடு நின்று மறுத்தார்கள். அதே வருடம், விசா இல்லாதவரை ஏற்றிவந்தால் விமானக் கொம்பனிக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண் தண்டம் என்று சட்டம் வந்தது. ஹார்விச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற கப்பலில் தமிழரை அடைத்து வைத்ததும் அந்த வருடம்தான். ஒக்டோபர் புயலில் கப்பல் கட்டறுத்துக்கொண்டு போனது. 1993 ஜூலையில் வட லண்டனில் ஜோய் கார்டினர் என்ற ஜமேக்காத் தாயை, ஐந்து வயது மகன் வீட்டில் இருக்க, பொலிஸாரும் குடிவரவு அதிகாரியும் பிடிக்கப் போனார்கள். தலையைச் சுற்றிப் பதின்மூன்று அடி ஒட்டு நாடா. சில நாளில் அவர் இறந்தார். 1995இல் மூன்று பொலிஸாரும் குற்றமற்றவர் என விடுதலையானார்கள்.

இனி எனக்கு நித்திரை வராத விடயத்துக்கு வருகிறேன். சில காலத்துக்கு முன் ஒரு தங்கச்சி எங்கட அலுவலகத்துக்கு வந்தார். கணவர் விசாவில் வந்தவர். கைமுழுக்கக் கண்டல். "அண்ணை, நான் பொலிசுக்குச் சொன்னால் என்ர பேர் ஹோம் ஒபிசுக்குப் போகுமோ?" என்று கேட்டார். "போகாது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் போகக்கூடும். 2018இல் இதைப் பற்றி 'லிபர்ட்டி', 'சவுத்தோல் பிளாக் சிஸ்டர்ஸ்' என்ற இரண்டு அமைப்புகள் முறையிட்டன. 2020 டிசம்பரில் பொலிஸ் கண்காணிப்பாளர்களே, குடும்ப வன்முறைக்கு உள்ளானவர்களின் விபரத்தை அப்படிக் கொடுப்பதை நிறுத்தச் சொன்னார்கள். 2021 டிசம்பரில் அரசு முழுத் தடையாக ஏற்க மறுத்தது. அடிக்கிற மனிசனுக்கு இதைவிட நல்ல ஆயுதம் வேறென்ன? "பொலிசுக்குப் போ, உன்னைத்தான் ஏத்துவாங்கள்" என்றால் போதும்.

துணைவர் விசாவில் உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்திருங்கள். வன்முறையால் திருமணம் முறிந்தால், கணவரின் தயவில்லாமல் நிரந்தர வதிவிடத்துக்குத் தனியே விண்ணப்பிக்க வழி உண்டு. கதவைத் தட்டுகிற குடிவரவு அதிகாரிக்கு வீட்டுக்குள் வர நீதிமன்றப் பிடியாணை வேண்டும், அல்லது உங்கட சம்மதம் வேண்டும். பயத்தில் கதவை அகலத் திறந்து "வாங்கோ சேர்" என்றால் அது சம்மதம். கடிதப் பெட்டியால் கடதாசியை உள்ளே போடச் சொல்லி, பேரும் முகவரியும் திகதியும் சரியோ என்று பாருங்கள். கடை, பெற்றோல் ஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு விதி வேறு, அங்கே மேலதிகாரியின் கடிதத்தோடும் வருவார்கள். 2024 பெப்ரவரி முதல், முதற்தடவை அகப்பட்டால் தண்டம் ஆளுக்கு 45,000 பவுண் வரை. அதைச் சாட்டி அரைச் சம்பளத்துக்கு வேலை வாங்குகிற எங்கட முதலாளிமாரும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம்தான்.

பொலிஸ் எல்லாம் ஒரே மாதிரி என்றும் நான் சொல்ல வரவில்லை. 2024 ஓகஸ்ட் 4ஆம் திகதி ரொதரம் அருகே அகதிகள் இருந்த ஹோட்டலைக் கொளுத்த வந்ததும் உள்ளூர்ச் சனம்தான். கல்லடி வாங்கி வாசலில் நின்றது பொலிஸ். மூன்று நாள் கழித்து வால்தம்ஸ்ரோவில் ஆயிரக்கணக்கில் அகதிகளுக்காக இறங்கியதும் உள்ளூர்ச் சனம்.

ஆகவே செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள். வைகாசிக் கூட்டத்துக்கு எங்கட பகுதிப் பொலிஸ் அதிகாரியைக் கூப்பிடுங்கள். பூமாலை, பொன்னாடை வேண்டாம், தேத்தண்ணியும் வடையும் போதும். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்போம். அடிபட்ட ஒரு பெண் உங்களுக்கு ரெலிபோன் எடுத்தால், அவவுடைய பேர் இந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தைத் தாண்டிப் போகுமா, போகாதா? மொழிபெயர்க்க நான் வருகிறேன். பதிலை எழுத்தில் கேட்டு வாங்கி, அடுத்த இதழில் முதற் பக்கத்தில் போடுங்கள்.