வீட்டுத் தோட்டத்துக்கு வேப்பெண்ணெய்



வீட்டுக்குப் பின்னால் நாலு கத்தரிச் செடி, நாலு வெண்டைச் செடி வைக்கிறோம். செடி நன்றாக வளர்கிறது. திடீரென்று ஒரு நாள் இலை சுருள்கிறது. திருப்பிப் பார்த்தால் அடியில் அசுவினி மொய்க்கிறது. உடனே கடைக்கு ஓடி விஷ மருந்து வாங்கி அடிக்கிறோம். அங்கேதான் கோழி மேய்கிறது. குழந்தை விளையாடுகிறது. அந்தக் காயைத்தான் நாமும் சமைத்துச் சாப்பிடுகிறோம். இது தேவையா? முதலில் வேப்பெண்ணெயை அடித்துப் பாருங்கள்.

வேப்பெண்ணெய் என்ன செய்யும்?

அசுவினி, மாவுப்பூச்சி போன்றவற்றின் உடல் மெல்லியது. எண்ணெய் படிந்தால் அவற்றுக்கு மூச்சு அடைக்கும். வேப்பங்கொட்டையில் அசாடிராக்டின் என்ற பொருள் இருக்கிறது. அது பட்ட இலையைப் பல பூச்சிகள் தின்னாது. தின்ற புழு சரியாகத் தோல் உரிக்க முடியாமல் சாகும். பலன் தெரியச் சில நாள் ஆகும். பொறுமை வேண்டும்.

வெண்டை, பூசணி இலைகளில் சாம்பல் தூவியது போல வெள்ளை படியும். இது சாம்பல் நோய். பூஞ்சணத்தால் வருவது. முதல் புள்ளி தெரிந்ததுமே வேப்பெண்ணெய் அடித்தால் பரவுவது குறையும்.

எப்படித் தயாரிப்பது?

1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் போதும். அதாவது ஒரு தேக்கரண்டி. எண்ணெயும் தண்ணீரும் தானாகக் கலக்காது. ஆகவே சிறிது சோப்பைச் சீவி, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள். அதில் எண்ணெயை விட்டு, பால் போல் ஆகும்வரை கலக்குங்கள். பிறகு மீதித் தண்ணீரைச் சேருங்கள். எண்ணெய் மேலே மிதந்தால் அடிக்காதீர்கள். இலை கருகிவிடும். இன்னும் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துக் கலக்குங்கள்.

எப்படி அடிப்பது?

முதலில் இரண்டு இலைகளில் மட்டும் அடித்துப் பாருங்கள். மறுநாள் இலை நன்றாக இருந்தால் செடி முழுவதும் அடிக்கலாம். வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். அப்போது தேனீயும் வராது. இலையின் அடிப்பக்கம் நன்றாக நனைய வேண்டும். 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை அடியுங்கள். கலந்ததை அன்றே பயன்படுத்துங்கள். மீதியைக் குளத்தில் கொட்டாதீர்கள். மீனுக்கு ஆகாது. எண்ணெயைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். குடித்தால் ஆபத்து. காயைக் கழுவிச் சமையுங்கள்.

எல்லா நோயும் இதில் தீராது. வெண்டையில் மஞ்சள் நரம்பு நோய் வந்தால் மருந்தே இல்லை. அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள். அதைப் பரப்புவது வெள்ளை ஈ. வெள்ளை ஈ தெரிந்தவுடன் மற்றச் செடிகளுக்கு வேப்பெண்ணெய் அடியுங்கள்.

வேம்பு யாருக்குச் சொந்தம்?

வேப்பெண்ணெயால் பூஞ்சணத்தைத் தடுக்கும் முறைக்கு 1994-இல் ஐரோப்பாவில் காப்புரிமை கொடுத்தார்கள். வாங்கியவை அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனியும். வந்தனா சிவா முதலானோர் இதை எதிர்த்தார்கள். "இந்திய உழவர்கள் முன்பே அறிந்த முறை இது" என்று வாதாடினார்கள். 2000-இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடி ஆனது.

நம் முன்னோர் கற்ற அறிவு காப்பாற்றப்பட்டது. ஆனால் அது ஏட்டில் இருந்தால் போதாது. நம் தோட்டத்தில் பயன்பட வேண்டும். வேப்பம்பழம் உதிரும் காலத்தில் கொட்டைகளைப் பொறுக்கி, நிழலில் உலர்த்தி வையுங்கள். ஊர்ச் செக்கில் ஆட்டினால் எண்ணெய் கிடைக்கும். புண்ணாக்கு செடிக்கு உரமாகும்.